அறுபது படமும் இடது பக்கமும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கார்டு விண்ணப்பமும், கம்பெனி வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. லினக்ஸில் கேம் ஆடுகிறவர்களுக்கென்று போனில் ஒரு தமிழ்க் குழு உண்டு. அதில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு வார்த்தை போட்டதில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைகிற புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் அது எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள் என அங்கே போன மாதம் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் வரிசையாக எண்களைப் போட்டார்கள். என்னிடம் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பாக எதையாவது சொல்லியிருந்தால் தெரிந்தவர்கள் மன்னித்துவிடுங்கள்.

எனக்குத் திருத்தங்கல். ஆனைக்குட்டம் போகிற வழியில் உள்ள ஒரு பட்டாசு கம்பெனியில், மருந்து அடைக்கிற பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பெரும்பாலும் பட்டாசு லோடுதான். சேலம், பெங்களூர், சீசனில் நாக்பூர் வரைக்கும் போவார். போனால் ஒரு வாரம், பத்து நாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருப்பேன். டி.வி.யில் அழுகிற சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படித்தான் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது.

விருதுநகரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய அண்ணன் பருப்பு வியாபாரம். அந்தக் கடைக்கு லோடு இறக்கப் போன காலத்திலிருந்து வீட்டுக்காரருக்குச் சிநேகிதம். எனக்கு அவர் கொடுத்தது ஒரு மிளகாய் வத்தல் மண்டியிலிருந்து கழித்துவிட்ட சிபியு. புது விண்டோஸை அது ஏற்காது என்று, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

"மண்டி சிஸ்டம் தங்கச்சி. தொறந்தா தும்மல் வரும். மத்தபடி நல்ல பிள்ளை" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கையில்லை. எவ்வளவு துடைத்தாலும் உள்ளே எங்கோ வத்தல் தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை கூடி விசிறி வேகமாகச் சுற்றினால் அறையெல்லாம் நெடி ஏறும். எவ்வளவு பெரிய விளையாட்டு என்பதை நான் தும்மலை வைத்தே கணக்குப் பார்த்துக்கொள்வேன்.

முதலில் சீட்டு அடுக்கினேன். பிறகு தோட்டம் போடுகிற விளையாட்டு. விதை போட்டு, தண்ணீர் விட்டு, அறுத்து எடுப்பது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேனில் போய்வரும்போது இதைச் சொல்லியே ஒரு வருடம் ஓட்டுவார்கள். லினக்ஸில் கேம் என்றால் முன்பு சிரிப்பார்களாம். குழுவில் பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளும் பெரும்பாலும் ஓடுகின்றன. நடுவில் ஒரு ஏற்பாடு இருந்துகொண்டு, விளையாட்டு கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. அதைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆளோடு ஆள் சண்டை போடும் சில விளையாட்டுகள் மட்டும் லினக்ஸ் என்று தெரிந்ததும் வாசலிலேயே நிறுத்திவிடும். கள்ள ஆட்டக்காரர்களைப் பிடிக்கப் போட்ட காவல் எங்களை நம்புவதில்லை. எனக்குச் சண்டை போடுகிற ஆசை இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

போன தை மாதம் ஒரு காலையில் வீட்டுக்காரருக்கு வாய் லேசாகக் கோணியது. இடது கை மரத்துவிட்டது. உடனே கொண்டுபோய்விட்டோம். பத்து நாள் ஆஸ்பத்திரி. கையும் காலும் திரும்பிவிட்டன, பேச்சும் திரும்பிவிட்டது. கடைசியில் மதுரைக்கு அனுப்பிக் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் அடிபட்ட இடம் அப்படி. இரண்டு கண்ணுக்கும் இடது பக்கப் பார்வை போய்விட்டது. வண்டி ஓட்டக் கூடாது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "அந்த மெஷின் ரொம்பப் பழசு. பட்டனை அமுக்குனா ஒழுங்கா விழல."

அவர் பொய் சொல்லவில்லை. இடது பக்கம் இருட்டாகத் தெரிந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அப்படி இல்லை. நமக்கு முதுகுக்குப் பின்னால் எதுவும் தெரிவதில்லை. அங்கே இருட்டாக இருக்கிறது என்றா நினைக்கிறோம்? அந்த மாதிரி. இல்லாமல் போனது தெரியாமலேயே இல்லாமல் போயிருந்தது.

எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுத் தட்டில். வலது பக்கச் சோறு காலியாகும். இடது பக்கம் வைத்த பொரியல் வைத்தபடி இருக்கும்.

"இன்னைக்குப் பொரியல் வைக்கலையா?" என்பார்.

"இந்தா வைக்கேன்" என்று சொல்லி, தண்ணீர் வைக்கிற சாக்கில் தட்டைத் திருப்பி வைப்பேன். பிறகு பொரியலை வலது பக்கமே வைக்கப் பழகிக்கொண்டேன். எட்டு மாதம் ஒருநாள்கூட அதைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வரவில்லை என்று இதுநாள் வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரியவில்லை.

வேலை இல்லாத லாரிக்காரர் வீட்டில் இருப்பது பெரிய கஷ்டம். காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். யார் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்போது பாய்தான் ஒருநாள் வந்து லாரி ஓட்டுகிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். அது லினக்ஸிலேயே நேராக ஓடும்படி செய்தது. நடுவில் அந்த ஏற்பாடு தேவையில்லை. யாரோ ஒருவர் நம் நாட்டு ரோடு போலவே வரைந்து இலவசமாகக் கொடுத்திருந்ததையும் அதில் சேர்த்துவிட்டார். டோல்கேட், நடுவில் அரளிச்செடி, இடது ஓரத்தில் போகும் பைக்குகள் எல்லாம் இருந்தன. கடையில் யாரோ விட்டுப்போன ஸ்டியரிங் ஒன்றையும் மேசையில் மாட்டினார். அது லினக்ஸில் சொருகியதுமே வேலை செய்தது.

வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த மண்டி சிபியுவுக்கு லாரி விளையாட்டு தாங்கவில்லை. திரையின் மூலையில் ஒரு எண் வரும். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு. எங்களுக்கு அது பதினாலு, பதினைந்தில் கிடந்தது. லாரி விக்கி விக்கிப் போகும். வத்தல் நெடியில் அவர் தும்முவார். தும்மி முடிப்பதற்குள் ஏதாவது ஒன்றை இடித்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இடித்ததெல்லாம் இடது பக்கம்.

புரட்டாசி மாதம், தீபாவளிச் சீசன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் லாரி ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஆள் பற்றாக்குறை, சேலத்துக்கு ஒரே ஒரு லோடு, திங்கட்கிழமை காலையில் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர்களிடம் உடம்பு சரியாகிவிட்டது என்று இவர்தான் சொல்லிவைத்திருந்தார். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் லாரி ஓட்டியிருக்காரா?"

"ஏங்க, பட்டாசு லோடுங்க அது."

"இருபத்தாறு வருஷமா நான் என்ன பஞ்சு லோடா ஏத்துனேன்?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கேம்லயே இடது பக்கமா இடிக்கீகளே."

அவர் சிரித்தார். "அந்தப் பெட்டி ஓடுற லட்சணத்துக்கு எவன் ஓட்டுனாலும் இடிப்பான். பதினாலு படம்னு நீதானே காட்டுன? பைக்கு வர்றதுக்கும் நான் பாக்குறதுக்கும் நடுவுல அது ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கு. ரோடு அப்படியா விக்கும்?"

அவர் சொன்னதும் உண்மைதான்.

மறுநாள் வேலை விட்டதும் வேனில் ஏறாமல் பஸ் பிடித்து விருதுநகர் போனேன். கம்மல் வாங்க வைத்திருந்த பணத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். நல்ல படம் வந்தால் வீட்டிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார், ரோட்டு ஆசை கொஞ்சம் அடங்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் வேறு நினைப்பும் இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாய் இரண்டு கம்பெனிக் கார்டுப் பெட்டியை எடுத்து வைத்தார். "இது பச்சைக்காரன், இது செவப்புக்காரன். செவப்புன்னா அதை ஓட்டுற புரோகிராம் லினக்ஸுக்குள்ளயே ஆள் மாதிரி உக்காந்திருக்கு. பச்சைன்னா தனியாப் போய்க் கூட்டிட்டு வரணும். முன்ன மாதிரி இல்ல, இப்ப அவனும் பரவாயில்ல. ஆனா உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? செவப்பே கொண்டுபோங்க. இந்த வருஷம் வந்த கார்டு. புதுக் கார்டுன்னா கெர்னலும் புதுசா இருக்கணும், அதை மட்டும் பாத்துக்கோங்க."

கெர்னல் என்பது லினக்ஸின் நடுப்பாகம். கார்டு, ஸ்டியரிங், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு வேலை வாங்குவது அதுதான். பழைய கெர்னலுக்குப் புதிதாக வந்த சாமானைத் தெரியாது.

"நான் எப்படி பாய் மாட்டுவேன்?"

"நீங்க மருந்து அடைக்கிற கை தங்கச்சி. உங்களை விட நிதானமா எவன் மாட்டிருவான்? ஒரு குழி இருக்கும், அதுல உக்கார வைக்கணும். கரண்டு வயரைச் சொருகணும். அம்புட்டுதான். கரண்டுப் பெட்டி போன வருஷமே பெருசா மாத்தியாச்சு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டினேன். கம்பெனியில் மருந்து அறைக்குள் போவதற்கு முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நூல் சேலைதான் கட்ட வேண்டும். செருப்பு, போன் எல்லாம் வெளியே. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: அழுத்தாதே, இழுக்காதே, தட்டாதே. கிராபிக்ஸ் கார்டு பெட்டியிலும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடவும் என்று படம் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. இது நமக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். அடிபம்பைத் தொட்டுவிட்டு வந்தேன். போனை அடுப்படியில் வைத்தேன். ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன்.

கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "யாரு, கலெக்டரா வாராரு இன்ஸ்பெக்சனுக்கு?"

கார்டைக் குழியில் வைத்தேன். லேசாக இறங்கியது, நின்றது. வயரை வைத்தேன். அதுவும் இறங்கியது, நின்றது. சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பழைய துவாரத்தில் திரை வயரை மாற்றிச் சொருகினால் பழையபடி படம் வந்தது. லினக்ஸில் என்னென்ன சாமான் மாட்டியிருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். கார்டின் பெயர் அதில் இல்லை.

கெர்னல்தான் பழசு என்று முடிவு செய்தேன். குழுவில் வேறு ஒருவருக்கு யாரோ எழுதிய பதிலைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். ஒரு புள்ளி விட்டால் கோபித்துக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலமும் அதே வேலை. கடைசியில் புதுக் கெர்னல் ஏறியது. மறுபடி தொடங்கினேன். பட்டியலில் அப்போதும் கார்டு இல்லை.

பின்னால் அவர் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைலி, துண்டு, மாத்திரை டப்பா. "நாளைக்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிரு. டயருக்கு வைக்கணும்" என்றார்.

நான் ஸ்கிரீனைப் பார்த்தபடி சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய்க்கு நானே போன் செய்தேன். அவருக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அவர் ஸ்கூட்டரில் வந்து சேரும்போது பதினொரு மணி. சிபியுவைத் திறந்து ஒரு தும்மல் போட்டுவிட்டு, குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, கார்டை மாட்டுனீகளா, இல்ல சும்மா சாய்ச்சு வச்சீகளா?"

"மாட்டுனேனே பாய்."

"இங்கன பாருங்க. முக்கால்வாசி வெளிய நிக்கி. வயரும் பாதிதான் போயிருக்கு. இன்னும் அமுக்கணும். 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கை, லேசாகத் தடை பட்டாலே நின்றுவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அதற்கு மேல் ஒரு சாமானையும் நான் அமுக்கியதில்லை. டக் என்ற சத்தம் கேட்டால் எங்கள் அறையில் யாரும் என்னவென்று திரும்பிப் பார்க்க மாட்டோம், வெளியே ஓடுவோம். அந்தச் சத்தம் வந்தால்தான் சரியாக மாட்டியது என்று அர்த்தமாம்.

"கெர்னல் பழசுன்னு நினைச்சேன். பட்டியல்ல பேரே வரல" என்றேன்.

"கெர்னலுக்கு ஆளைத் தெரியலைன்னாலும், வாசல்ல எவனோ ஒருத்தன் நிக்கான்னாச்சும் சொல்லுமே. ஒண்ணுமே சொல்லலைன்னா ஆளே வரலைன்னு அர்த்தம். சரி, அமுக்குங்க."

"நீங்க அமுக்குங்க பாய்."

"உங்க கார்டு. நீங்களே அமுக்குங்க."

இரண்டு கட்டை விரலையும் வைத்தேன். தடை பட்டது. கை தானாக நின்றது.

"இன்னும்."

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். டக்.

கண்ணைத் திறந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, உங்க வீட்டம்மா ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடப் போறாக" என்றார். வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வயரைச் சொருகும்போது எழுந்த இரண்டாவது டக்குக்கு நான் ஓடவில்லை.

சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. பாய் கெர்னல் எண்ணைப் பார்த்துவிட்டு, "இதை யார் ஏத்துனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நான் இதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் உக்காரணும்னு நினைச்சு வந்தேன்" என்றார். அதை எழுதிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

லாரி விளையாட்டைத் திறந்தோம். மூலையில் அறுபது. ரோடு ஓடியது, அறுபது. மரம், பாலம், ஊர், எதிரே பஸ், எல்லாவற்றுக்கும் அறுபதுதான். இத்தனை நாள் சாம்பல் பூசியது போலத் தெரிந்த சாலையில் கல்லும் வெள்ளைக்கோடும் தனித்தனியாகத் தெரிந்தன. வத்தல் நெடிகூட இல்லை. பாரத்தைக் கார்டு வாங்கிக்கொண்டுவிட்டது.

"அறுபதுன்னா என்ன?" என்று அவர் கேட்டார்.

"இந்த ஸ்கிரீனு காட்டக்கூடியது அம்புட்டுதான் அண்ணாச்சி. இதுக்கு மேல குறை சொல்ல இடமில்ல" என்றார் பாய்.

அவர் உட்கார்ந்தார். கையை ஸ்டியரிங்கில் வைத்தார். கியர் மாற்றி, மெதுவாக எடுத்து, வேகம் பிடித்தார். அவர் ஓட்டி நான் பார்த்ததே குறைவு. கல்யாணமான புதிதில் ஒருதரம் கேபினில் உட்கார்ந்து மதுரை வரை போயிருக்கிறேன். அன்றைக்கு இருந்த அதே முகம்.

"ம். இது வண்டி" என்றார்.

அப்போது இடது ஓரத்தில் ஒரு பைக் வந்தது. முதலில் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது, பிறகு ஆள் தெரிந்தது, நீலச் சட்டை தெரிந்தது. நானும் பார்த்தேன், பாயும் பார்த்தார். லாரி இடது பக்கம் ஒதுங்கியது. சத்தம் வந்தது. திரையில் அபராதம் என்று சிவப்பு எழுத்து விழுந்தது.

"எங்கிருந்துலே வந்தான் இவன்?" என்றார்.

மறுபடி எடுத்தார். கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் நின்ற ஒரு டிராக்டரை உரசினார். மூன்றாவதாக இடித்தது ஒரு டோல்கேட்டின் இடது தூண். மூன்று தடவையும் அவர் பார்வை முதலில் போனது மூலையில் இருந்த எண்ணுக்குத்தான். அது அறுபதாகவே இருந்தது.

நான்காவது தடவை அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பாமலேயே பாயைக் கேட்டார்: "அந்த பைக்குக்காரனை நீங்க பாத்தீகளா?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாத்தேன் அண்ணாச்சி."

"எம்புட்டு நேரமா?"

"ரொம்ப நேரமா வந்துக்கிட்டு இருந்தான்."

"நீ?"

"நானும் பாத்தேங்க" என்றேன். பிறகு, எட்டு மாதமாக வராத வாய் வந்தது. "தட்டுல இடது பக்கம் வைக்கிற பொரியலையும் நீங்க பாக்கிறதில்ல. நான்தான் திருப்பி வைக்கேன்."

திரையில் லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல இருந்தது எனக்கு. எட்டு மாதம் தட்டைத் திருப்பி வைத்ததுதான் பெரிய துரோகமோ என்றும் தோன்றியது. இப்போதும் இரண்டும் மாறி மாறித் தோன்றுகிறது. மதுரையில் இருந்த பெட்டியும் இதைத்தான் சொன்னது. அதை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. இந்த அறுபதை நம்பாமல் இருக்க வழி இல்லை. படத்தை நன்றாகக் காட்டுவதற்கு என்றுதான் அந்தக் கார்டை வாங்கினேன். காட்டிவிட்டது.

பிறகு அவர் மறுபடி வண்டியை எடுத்தார். இந்த முறை நாலைந்து நொடிக்கு ஒருதரம் தலையை முழுதாக இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் சரக்கு இறக்குகிற கிட்டங்கி வாசலில் ரிவர்ஸ் போட்டு, ஒரே வெட்டில் பின்பக்கத்தைக் கதவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். பாய் "அடேயப்பா" என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு, போனை எடுத்தார்.

"ஆபீஸா? நாந்தான் பேசுறேன். நாளைக்கு லோடுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க... இல்ல இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு. எடது பக்கம் கண்ணு தெரியல... ஆமா, முன்னயே சொல்லியிருக்கணும். தப்புதான்." அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகப் பேசினார்கள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சரி, திட்டிட்டீகல்ல, வைங்க" என்றார்.

பாயைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருத்திவைத்தேன். மூவருக்கும் பரிமாறினேன். அன்று கத்திரிக்காய்ப் பொரியல். வலது பக்கம் வைக்கப் போன கை ஒரு நிமிஷம் நின்றது. எல்லாருக்கும் வைப்பது போல இடது பக்கமே வைத்தேன். அவர் சாம்பார் ஊற்றிப் பிசைந்தார். பாதி சாப்பிட்டதும் கையை நிறுத்திவிட்டு, இடது கையால் தட்டைப் பிடித்து ஒரு அரைச் சுற்றுச் சுற்றினார்.

"அடப்பாவி, இம்புட்டு இருக்கா இங்கன?" என்றார்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எலுமிச்சம்பழம் வாங்கவில்லை.

குழுவில் எண் கேட்டீர்கள். திருத்தங்கல், மண்டி சிபியு, இந்த வருடத்துக் கார்டு, புதுக் கெர்னல்: அறுபது. கார்டை மாட்டும்போது சத்தம் வரும்வரை அமுக்குங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. சேலம் லோடு வேறொருவரோடு போனது. வேன் ஏழே காலுக்கு வந்தது, நான் வேலைக்குப் போனேன். மழை இல்லை, லோடு நனையாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.